விடுபட்ட ஒரு கட்டம்: மொரப்பூர்க் குடிநீரின் ஆவணத் தடம்

தமிழ்நாட்டின் பெரிய குடிநீர்த் திட்டங்கள் பெரும்பாலும் ஓர் ஆற்றின் பெயரையோ ஏரியின் பெயரையோ தாங்கியிருக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரியைக் கொண்டுவந்த திட்டத்தின் அரசுப் பெயரில் மட்டும் ஒரு நோயும் இருக்கிறது. ‘ஒகேனக்கல் குடிநீர் மற்றும் ஃப்ளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம்’ என்பது அதன் முழுப் பெயர். குடிநீரில் மிகுந்த ஃப்ளோரைடால் பல்லும் எலும்பும் கெடும் நோய்தான் ஃப்ளோரோசிஸ். என் தேடல் இந்தப் பெயரிலிருந்துதான் தொடங்கியது. கோப்பின் தலைப்பில் ஏறும் அளவுக்கு ஒரு நோய் பெரிதாகிவிட்டதென்றால், அதற்கு முன் அது எந்தக் கோப்பில் இருந்தது? யாருக்கு, எப்போதிருந்து தெரியும்? தெரிந்த செய்தி குழாயாக மாற ஏன் இத்தனை காலம் பிடித்தது?

இந்தக் கேள்விகளுக்கு ஓர் ஊரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மொரப்பூரைத் தேர்ந்தேன். காவிரி நீரெடுக்கும் ஒகேனக்கல், தருமபுரி மாவட்டத்தின் மேற்கு விளிம்பு; மொரப்பூர் கிழக்குப் பக்கம். சாலைக் கணக்கில் எழுபது கிலோமீட்டருக்கும் மேல். வடக்கே இருமத்தூர், அனுமன்தீர்த்தம் வழியாகத் தென்பெண்ணை ஓடினாலும், இந்த ஒன்றியத்துக் கிராமங்கள் தலைமுறைகளாகக் குடித்தது பாறைக்கு அடியிலிருந்து வந்த தண்ணீரை. ஜோலார்பேட்டை–சேலம் பாதையிலுள்ள மொரப்பூர் ரயில் நிலையம் ஊருக்கு வெளியுலகத் தொடர்பைத் தந்தது. இங்கிருந்து தருமபுரிக்கு 1906-இல் ஒரு குறுகிய ரயில் பாதை போடப்பட்டு, 1913-இல் ஓசூர் வரை நீண்டது. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுசெல்லப் போட்ட பாதை அது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941-இல், மூடப்பட்டது. மொரப்பூரின் ஆவணங்களில் உடல்நலம் முதலில் தலைகாட்டுவது இப்படித்தான்: பசி, பஞ்சம், அதற்கான இருப்புப்பாதை. தண்ணீரைப் பற்றிய கவலை ‘இருக்கிறதா, இல்லையா’ என்பதோடு நின்றது. 1918-இல் எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் மாவட்ட கெசட்டியர்தான் அன்றைய தருமபுரியையும் உள்ளடக்கிய பெரிய ஆவணம். அதில் ஃப்ளோரைடைத் தேடுவதில் பொருளில்லை. பல்லில் படியும் கறைக்கும் ஃப்ளோரைடுக்கும் உள்ள உறவை உலகமே கண்டறிந்தது 1931-இல்தான்.

ஆகவே அதற்குப் பிந்தைய தாமதத்துக்குக் காரணமாக மூன்று சந்தேகங்களை முன்வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சோதித்தேன். ஒன்று, யாருக்கும் தெரியவில்லை. இரண்டு, தெரிந்தாலும் செய்யச் சொல்லிச் சட்டமில்லை. மூன்று, சட்டமிருந்தும் யாரும் வேலை செய்யவில்லை.

முதல் சந்தேகம்: அறியாமை

இதை உடைத்தது 1937-ஆம் ஆண்டு. ‘இந்தியன் மெடிக்கல் கெசட்’ இதழில் அந்த ஆண்டு மூன்றே பக்க அளவில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் எச். ஈ. ஷார்ட், சி. ஜி. பண்டிட், டி. என். எஸ். ராகவாச்சாரி. மூவருமே சென்னை கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு ஆய்வு நிலையத்தோடு தொடர்புடையவர்கள். அன்றைய சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த நெல்லூர் மாவட்டக் கிராமங்களில், முதுகெலும்பு இறுகி, கழுத்தைத் திருப்ப முடியாமல், மூட்டுகளை மடக்க முடியாமல் கிடந்த மனிதர்களைப் பற்றியது அந்தக் கட்டுரை. காரணம் குடிநீரிலுள்ள ஃப்ளோரைடு என்று அவர்கள் காட்டினார்கள். இந்தியாவில் எலும்பு ஃப்ளோரோசிஸ் பற்றிய அடிப்படை ஆவணம் இதுதான்.

அதே ஆண்டு ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்’ இதழில் இன்னொரு விரிவான கட்டுரை. இதன் தலைப்பில் நெல்லூர் இல்லை. சென்னை மாகாணம் முழுவதும் இருக்கிறது. ஷார்ட்டோடு மருத்துவர் மெக்ராபர்ட்டும், சென்னைப் பொது மருத்துவமனையின் கதிரியக்க நிலையத்துக்குத் தன் பெயரையே தந்த பர்னார்டும், நாயரும் சேர்ந்து எழுதியது. கிராமத்து உழவரின் முதுகெலும்பு நகரத்து எக்ஸ்ரே தகட்டில் ஏறி ஆய்விதழுக்கு வந்துவிட்டது.

இதற்கும் முன்பே மாடுகள் சாட்சி சொல்லியிருந்தன. சென்னை மாகாணத்துக் கால்நடைகளிடம் கண்ட பல், எலும்பு நோயைப் பற்றி 1935-இலேயே விஸ்வநாதன் என்ற ஆய்வாளர் பதிவுசெய்திருக்கிறார். 1940-இல் பண்டிட்டும் ராகவாச்சாரியும் மற்றிருவரும் எழுதிய கட்டுரை இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ஒரே அளவு ஃப்ளோரைடு குடித்தாலும் எல்லோர் உடலும் ஒரே மாதிரி கெடுவதில்லை. சத்தான உணவு கிடைக்காதவர்களையே, குறிப்பாக வைட்டமின் சி குறைந்தவர்களையே, நோய் கடுமையாகத் தாக்குகிறது என்று அது சுட்டியது. அதாவது இது தண்ணீரின் நோய் மட்டுமாக இருக்கவில்லை. வறுமையின் நோயாகவும் இருந்தது. இத்தனையும் சுதந்திரத்துக்கு முன்பே, மொரப்பூரிலிருந்து ஒரே ரயிலில் போய்ச் சேரக்கூடிய சென்னையின் ஆய்வாளர்களுக்குத் தெரிந்து, அச்சிலும் வந்துவிட்டது. ‘யாருக்கும் தெரியவில்லை’ என்ற வாதம் நிற்கவில்லை.

இரண்டாம் சந்தேகம்: சட்டம்

இதுவும் நிற்கவில்லை. நெல்லூர்க் கட்டுரை வந்த இரண்டே ஆண்டில், ராஜாஜி முதன்மையமைச்சராகவும் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் சுகாதார அமைச்சராகவும் இருந்த காலத்தில், சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், 1939 வந்தது. இந்தியாவிலேயே இத்தகைய விரிவான முதல் சட்டம். குடிநீருக்கென்று அதில் தனி அத்தியாயமே உண்டு. உள்ளாட்சி அமைப்புகள் தங்கள் வருவாயில் ஒரு பங்கைப் பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்றும் அது சொன்னது. சுகாதாரத்தின் பொறுப்பு மருத்துவமனை வாசலில் முடிந்துவிடவில்லை, உள்ளாட்சியின் வரவு செலவுத் திட்டத்தில் தொடங்குகிறது என்ற தெளிவு அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு இருந்தது.

பிறகு 1958-இன் பஞ்சாயத்துச் சட்டம். அதன்படி 1960-களின் தொடக்கத்தில் உருவான ஊராட்சி ஒன்றியங்கள். 1965 அக்டோபர் 2-இல் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானது. 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தைத் தொடர்ந்து 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். கிராம ஊராட்சியின் கட்டாயக் கடமைகளைப் பட்டியலிடும் அதன் 110-ஆவது பிரிவில் சாலை, தெருவிளக்கு, வடிகால், துப்புரவு, சுடுகாடு ஆகியவற்றோடு குடிநீரும் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் பதினொன்றாம் அட்டவணை ஊராட்சிகளுக்கெனக் குறித்த 29 துறைகளில் குடிநீரும் சுகாதாரமும் தனித்தனியே உள்ளன. எத்தனை முறை திருத்தி எழுதப்பட்டாலும் கடமை ஒரே இடத்தில்தான் நின்றது: ஊரில்.

மூன்றாம் சந்தேகம்: அலட்சியம்

வேலையே நடக்கவில்லை என்ற சந்தேகத்தோடு 1970-களின் திட்ட ஆவணங்களுக்குள் நுழைந்தேன். அங்கே கண்டது நேர்மாறானது. 1971-இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் அமைந்தது. 1972–73-இல் மத்திய அரசின் விரைவு ஊரகக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது. 1967-இன் வறட்சிக்குப் பிறகு யுனிசெஃப் உதவியோடு கடினப் பாறையைத் துளைக்கும் இயந்திரங்கள் நாட்டுக்குள் வந்திருந்தன. ‘இந்தியா மார்க் 2’ அடிபம்பு கோயம்புத்தூர் வட்டாரத்தில் சோதிக்கப்பட்டு நாடெங்கும் பரவியது. காலரா, வயிற்றுப்போக்கு, நரம்புச் சிலந்தி ஆகியவற்றைப் பரப்பிய திறந்த கிணறுகளையும் படிக்கிணறுகளையும் விட்டு மூடிய நீருக்கு மக்களைக் கொண்டுவருவதே நோக்கம். அது நல்ல நோக்கம். லட்சக்கணக்கான குழந்தைகளின் உயிரைக் காத்த நோக்கம். 1984-க்குப் பிறகு தமிழ்நாட்டில் நரம்புச் சிலந்தி நோயே இல்லை.

ஆனால் அந்தத் திட்டங்களின் அளவுகோல்களை ஒன்றாக அடுக்கிப் பார்த்தபோதுதான் தடயம் கிடைத்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர். 250 பேருக்கு ஓர் அடிபம்பு. வீட்டிலிருந்து 1.6 கிலோமீட்டருக்குள் நீராதாரம். எவ்வளவு தண்ணீர், எத்தனை பேருக்கு, எவ்வளவு தூரத்தில் என்ற மூன்று கேள்விகளும் கணக்கில் ஏறின. தண்ணீருக்குள் என்ன கரைந்திருக்கிறது என்ற நான்காவது கேள்விக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. 250 பேருக்கு ஓர் அடிபம்பு போட்டுவிட்டால் அந்தக் குடியிருப்பு ‘நீராதாரம் உள்ளது’ என்ற பட்டியலுக்கு மாறிவிடும். அந்தப் பம்பின் நீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃப்ளோரைடு இருந்தாலும் பட்டியல் மாறாது.

தருமபுரியின் மண்ணில் இது பெரிய விலையைக் கேட்டது. இங்குள்ள நைஸ், சார்னகைட், கருங்கல் பாறைகளில் ஃப்ளோரைட், அப்பட்டைட், பயோட்டைட் போன்ற தாதுக்கள் உண்டு. பாறைப் பிளவுகளில் நெடுநாள் தங்கும் காரத்தன்மை கொண்ட நீர், அவற்றிலிருந்து ஃப்ளோரைடைக் கரைத்துக்கொள்கிறது. நீரில் சுண்ணாம்புச் சத்து அதிகமிருந்தால் ஃப்ளோரைடு அதோடு சேர்ந்து படிந்துவிடும். அது குறைவான இடத்தில் கரைந்தே நிற்கும். திறந்த கிணறுகளிலும் ஃப்ளோரைடு இருந்ததற்கு நெல்லூரே சாட்சி. என்றாலும், மழையில் ஊறிப் புதுப்பிக்கப்படும் மேல்மட்ட நீரைவிட, ஆழத்துப் பாறை நீரில் அது பல இடங்களில் கூடுதல். ஏரிகள் தூர்ந்து, கிணறுகள் வற்றி, போர்வெல் ஆழம் நூறு அடிகளிலிருந்து பல நூறு அடிகளுக்குப் போகப் போக, கிருமியிலிருந்து தப்பிய கிராமங்கள் பாறையிடம் மாட்டிக்கொண்டன.

இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை போகலாம். அதற்கு மேல் போனால், பல் உருவாகும் வயதில், ஏறத்தாழ எட்டு வயதுவரை, அந்த நீரைக் குடிக்கும் குழந்தைகளுக்கு நிலைப்பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை ஏறுகிறது. காவி பிடித்த பல் என்று ஊரில் சொல்வது இதைத்தான். எவ்வளவு துலக்கினாலும் அது போகாது, ஏனெனில் கறை பல்லின் மேல் படியவில்லை, பல்லோடு சேர்ந்தே வளர்ந்திருக்கிறது. பல்லாண்டுகள் அதிக ஃப்ளோரைடு குடித்தவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகுகின்றன. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் தீராது. ஆவியான நீர் போக, மீந்ததில் ஃப்ளோரைடு இன்னும் அடர்த்தியாகும். நிறமில்லை, மணமில்லை, குடித்தவுடன் கெடுதலும் இல்லை. அளந்தால் மட்டுமே தெரியும்.

ஓக்லி ஊர் செய்தது

தடயம் கிடைத்தபின், வேறெங்காவது இது வேறு மாதிரி நடந்திருக்கிறதா என்று பார்த்தேன். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஓக்லி என்றொரு சிற்றூர். ஊருக்குப் பொதுவாக ஒரு வெந்நீர் ஊற்றிலிருந்து குழாய் போட்டபிறகுதான் தங்கள் குழந்தைகளின் பற்களில் கறை வருகிறது என்று பெற்றோர் கவனித்தார்கள். பல் கறையைப் பற்றி இருபதாண்டுகளுக்கு மேல் ஆராய்ந்துகொண்டிருந்த ஃபிரெட்ரிக் மெக்கே 1923-இல் அங்கு போனார். தண்ணீரில் குற்றவாளி யார் என்று அவருக்கும் அப்போது தெரியாது. இருந்தும் அந்தக் குழாயைக் கைவிட்டு வேறு ஊற்றுக்கு மாறச் சொன்னார். ஊர் கேட்டது, மாறியது. சில ஆண்டுகளில் இளைய குழந்தைகளுக்குக் கறையில்லாத பற்கள் முளைத்தன. குற்றவாளி ஃப்ளோரைடு என்று வேதியியல் சொன்னது அதற்கெல்லாம் பின்னால், 1931-இல்.

என் தேடலில் மிக முக்கியமான தாள் இதுதான் என்று நினைக்கிறேன். ஓக்லியிடம் நம்மிடம் இருந்ததைவிடக் குறைவான அறிவியலே இருந்தது. அங்கே குழந்தைகளின் பல்லைப் பார்த்தவர்களும், குழாய் எங்கிருந்து வர வேண்டும் என்று முடிவெடுத்தவர்களும் ஒரே ஊர்க்காரர்கள். நம்மிடம் 1937-இன் அறிவு கிண்டியில் இருந்தது. 1939-இன் கடமை உள்ளாட்சியிடம் இருந்தது. துளையிடும் இயந்திரம் வாரியத்திடம். கறையேறிய பல் பள்ளிக்கூடத்தில். இறுகிய முதுகு ஆரம்ப சுகாதார நிலையத்து வரிசையில். இவை அனைத்தும் சந்திக்கும் ஒரு தாள் இல்லை. தாமதத்துக்குக் காரணம் அந்த விடுபட்ட கட்டம்தான்.

மேலிருந்து வந்த விடை

1986-இல் தொடங்கிய தேசியக் குடிநீர் இயக்கம் ஃப்ளோரைடைத் தனிப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டது. படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து ஃப்ளோரைடைப் படியவைக்கும் ‘நல்கொண்டா முறை’யை நாக்பூரின் நீரி (தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு) நிறுவனம் அதற்கு முன்பே உருவாக்கியிருந்தது. ஆனால் அந்த முறையில் ஒவ்வொரு நாளும் நீரைச் சோதித்து, மருந்தை அளந்து போட்டு, கசடை அப்புறப்படுத்த ஆள் வேண்டும். சம்பளத்துக்கே திணறும் ஊராட்சிகளால் அதைத் தொடர்ந்து செய்வது கடினம். பாறையை விட்டு ஆற்றுக்குப் போவதே தீர்வு என்றானது.

1998-இல் ஒகேனக்கலில் 1.4 டி.எம்.சி. நீரெடுக்க மத்திய நீர்வளத் துறையின் இசைவு கிடைத்தது. 2008 பிப்ரவரி 26-இல் முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். அந்த மார்ச்சில் ஜப்பானியக் கடனுதவி ஒப்பந்தம். அதே வேளையில் கர்நாடகத்தின் எதிர்ப்பு, பணி சிறிது காலம் நிறுத்திவைப்பு, மீண்டும் தொடக்கம். 2013 மே 29-இல் முதல்வர் ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 1,928.80 கோடி ரூபாய்ச் செலவு. 3 நகராட்சிகள், 17 பேரூராட்சிகள், 18 ஊராட்சி ஒன்றியங்களின் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகள். அவற்றில் மொரப்பூர் ஒன்றியமும் ஒன்று. நெல்லூர்க் கட்டுரையிலிருந்து மொரப்பூர்க் குழாய் வரை 76 ஆண்டுகள்.

இரண்டு கட்சிகளின் ஆட்சிகளில் வளர்ந்த இந்தத் திட்டத்தின் மதிப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. காவிரித் தண்ணீர் வந்த வீட்டில் வளரும் குழந்தையின் பல், அதன் தாயின் பல்லைப் போல இருக்க வேண்டியதில்லை. இதைவிடப் பெரிய பொதுநலப் பணி ஒன்றை இந்த மாவட்டம் தன் வரலாற்றில் கண்டதில்லை.

ஆனால் தேடல் இங்கே முடியவில்லை. பெரிய குழாய் ஊரின் மேல்நிலைத் தொட்டியில் முடிகிறது. அதற்குப் பிறகு முடிவு ஊராட்சியினுடையது. காவிரி நீர் குறையும் நாட்களில், கோடையில், போர்வெல் நீரையும் அதே தொட்டியில் ஏற்றிக் கலந்து விடுவது இந்த மாவட்டத்தில் நடக்கிறது என்று செய்திகள் வந்திருக்கின்றன. தண்ணீரே இல்லாமல் விடுவதைவிட இது மேல் என்று தொட்டியை இயக்குபவர் நினைப்பது இயல்பு. ஆனால் கணக்கைப் பாருங்கள். காவிரி நீரில் 0.3 மில்லிகிராம், போர்வெல்லில் 3 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி கலந்தால் 1.65, எல்லை தாண்டிவிட்டது. மூன்று பங்கு காவிரிக்கு ஒரு பங்கு போர்வெல் என்றால் ஏறத்தாழ 0.98; பாதுகாப்பு. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு வால்வைத் திருகும் நேரத்தில் இருக்கிறது. போர்வெல்லின் அளவு தெரிந்திருந்தால்தான் வால்வைச் சரியாகத் திருக முடியும். விடுபட்ட கட்டம் இன்று தொட்டியடியில் இருக்கிறது.

இனி எழுத வேண்டியது

அந்தக் கட்டத்தை நிரப்பத் தேவையானவை இப்போது ஊரிலேயே இருக்கின்றன. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தர வழி செய்யப்பட்டது. ஃப்ளோரைடும் அந்தச் சோதனைகளில் ஒன்று. 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் (2021–26) 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே என்று ஒதுக்கப்பட்டிருந்தது. ஆண்டுதோறும் கிராம வளர்ச்சித் திட்டம் தயாரிக்கப்படுகிறது. குடியரசு நாள், மார்ச் 22, மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 என்று ஆறு நாட்களில் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. 2025 ஜனவரியில் தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனபோதும் கிராம சபையின் உரிமை போகவில்லை. வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர்.

மொரப்பூர் ஒன்றியத்தின் ஓர் ஊராட்சி தன் திட்டத் தாளில் நான்கு செய்திகளைச் சேர்த்தால் போதும் என்பது இந்த ஆவணங்கள் எனக்குக் கற்பித்த பாடம். ஒவ்வொரு போர்வெல்லின் ஃப்ளோரைடு அளவும் சோதித்த தேதியும். காவிரி நீர் குறையும் நாளில் எந்தப் போர்வெல்லை, எந்த விகிதத்தில் கலக்கலாம், எதைக் கலக்கவே கூடாது என்ற குறிப்பு. பற்றாக்குறை நாளிலும் அங்கன்வாடிக்கும் தொடக்கப் பள்ளிக்கும் கலப்பில்லாத நீர் முதலில் போக வேண்டும் என்ற தீர்மானம்; எட்டு வயதுக்குள் போன பல் திரும்பி வராது. நான்காவதாக, பள்ளிக் குழந்தைகளின் பல் பரிசோதனையில் எத்தனை பேருக்குப் புதிதாகக் கறை தெரிகிறது என்ற ஆண்டுக் கணக்கு. இந்தக் கடைசி எண்தான் திட்டம் பலித்ததா என்பதைச் சொல்லும்.

இவற்றோடு உணவையும் சேர்க்க வேண்டும். 1940-இன் ஆய்வு உணவைப் பற்றிச் சொன்னது இன்றும் பொருந்தும். சுண்ணாம்புச் சத்து நிறைந்த கேழ்வரகு இந்த மாவட்டத்தின் சொந்தப் பயிர். வைட்டமின் சி மிகுந்த நெல்லிக்காயும் முருங்கைக்கீரையும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளவை. சத்துணவு மையத்தின் உணவுப் பட்டியலை ஊரின் நீர்ச் சோதனையோடு சேர்த்து யோசிப்பது ஊராட்சிக்கு எட்டாத காரியமில்லை. ஏரியைத் தூர்வாரி மழையை நிலத்துக்குள் அனுப்பினால் பாறை நீரின் அடர்த்தி குறைய வாய்ப்புண்டு. அதற்கு நூறு நாள் வேலைத் திட்டத்தின் அனுபவமும் ஊரில் இருக்கிறது.

1937-இல் மூன்று ஆய்வாளர்கள் செய்தது மிக எளிய செயல்: நோயாளியின் முதுகையும் அவர் ஊர்க் கிணற்றையும் ஒரே தாளில் எழுதினார்கள். அதற்குப் பிறகு வந்த திட்டங்கள் இரண்டையும் தனித்தனிக் கோப்புகளில் வைத்தன. அவற்றை மறுபடி ஒரே தாளுக்குக் கொண்டுவர ஆய்வுக்கூடமோ புதிய சட்டமோ தேவையில்லை. அடுத்த கிராம சபையில் ஓர் உறுப்பினர் எழுந்து, “நம்ம ஊர் போர் தண்ணியில ஃப்ளோரைடு எவ்வளவுங்க? சபையில வாசிச்சுப் பதிவு பண்ணுங்க” என்று கேட்க வேண்டும். கேட்பது அவர் உரிமை. பதில் சொல்வது 1939-லிருந்து உள்ளாட்சியின் கடமை.